கொடிமுந்திரித் தோட்டமும் உயிராற்றல் வேளாண்மையும்

உழவுத் தொழிலிற் சிறந்தோங்குதற்குப் பரந்த நிலம் வேண்டுமென்று பலரும் கருதுவர். அக்கருத்து முற்றும் பொருந்தாதென்பதற்குப் பிரான்சு தேசத்துப் பர்கண்டிப் பகுதியில், வோன்–ரோமானே என்னும் சிற்றூரிலுள்ள ரோமானே–கோந்தி என்ற கொடிமுந்திரித் தோட்டம் சான்றாகும். மதுவைப் புகழ்தல் நம் கருத்தன்று. உழவு முறையொன்றை ஆராய்தலே நோக்கமென்க.

இத்தோட்டத்தின் பரப்பு ஏறத்தாழ நாலரை ஏக்கரே. செஞ்சி, சீயமங்கலம் பக்கங்களில் இவ்வளவு நிலமுடைய குடியானவரைச் செல்வரென்று எவரும் கூறார். முற்காலத்தில் செயின்ட் விவான் மடத்துத் துறவியர்க்கு உரியதாயிருந்த இந்நிலத்தை 1760-இல் கோந்திக் கோமகன் விலைக்கு வாங்கினான். பிரெஞ்சுப் புரட்சியின்போது அரசாங்கத்தார் இதனைக் கைப்பற்றி விற்றனர். இங்கே பயிராவது பினோ நுவார் என்னும் கருந்திராட்சை. ஆண்டொன்றுக்கு ஐயாயிரம் ஆறாயிரம் புட்டிகளே கிடைத்தலின், அச்செந்நிறத் திராட்சமதுவைச் செல்வர்கள் அரும்பொருள்போற் சேர்த்து வைக்கின்றனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவினின்று வந்த பிலாக்ஸீரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் தோட்டங்களைப் பாழாக்கியது. ஏனையோர் அமெரிக்க வேரில் தம் கொடிகளை ஒட்டுக்கட்டினர். இத்தோட்டத்தாரோ மண்ணில் மருந்து செலுத்திப் பழங்கொடிகளை நெடுங்காலம் காத்தனர். இரண்டாம் உலகப்போரில் அம்மருந்து அரிதாயிற்று, கொடிகள் நலிந்தன. 1945-இல் ஏறக்குறைய அறுநூறு புட்டிகளே தேறின. பின்னர்க் கொடிகளைக் களைந்து, 1947-இல் ஒட்டுக்கன்றுகளை நட்டு, 1952 வரை அத்தோட்டத்தின் பெயரால் ஒரு புட்டியேனும் வெளியிடாது காத்திருந்தனர். 1945-ஆம் ஆண்டுப் புட்டியொன்று 2018-இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்கு விலைபோயிற்று.

இத்தோட்டத்தில் இன்று கையாளப்படுவது உயிராற்றல் வேளாண்மை. 2007 முதல் தோட்டம் முழுதும் இம்முறைக்கு மாறியது. 1924-இல் ருடால்பு ஸ்டைனர் என்பார் கோபர்விட்ஸ் என்னுமிடத்தில் நிகழ்த்திய எட்டுச் சொற்பொழிவுகளே இதற்கு மூலம். இரசாயன உரமும் பூச்சிக்கொல்லியும் விலக்கப்படும். பசுவின் கொம்பிற் சாணத்தை அடைத்துக் குளிர்காலம் முழுதும் மண்ணிற் புதைத்து, பின் எடுத்து நீரிற் கலக்கித் தெளிப்பர். திங்களின் நிலைநோக்கி வேலைகளை வகுப்பர். மண் இறுகாதிருக்கும் பொருட்டுக் குதிரை பூட்டி உழுதலும் இத்தோட்டத்தில் உண்டு.

இவற்றுள் கூட்டெருவின் பயனும், நச்சு மருந்தைத் தவிர்த்தலின் நன்மையும் எளிதில் விளங்குவன. கொம்புச் சாணத்திற்கும் திங்களின் நிலைக்கும் கூறப்படும் தனியாற்றல் அறிவியலால் ஐயமற நிறுவப்படவில்லை. ஆயினும் அம்முறையை மேற்கொண்டோன் நாடோறும் தோட்டத்தைச் சுற்றி, ஒவ்வொரு கொடியையும் உற்றுநோக்கக் கடமைப்படுகிறான். அந்நோக்கே பெரும்பயன் தருவதென்று கொள்ளுதல் தகும்.

ஏரி வண்டலடித்தலும், ஆட்டுக்கிடை மடக்குதலும், தழையுரமிடுதலும், வளர்பிறை பார்த்து விதைத்தலும் நம் முன்னோர் அறிந்தனவே. ஆதலின் இப்புதுமுறையின் பெயரைக் கேட்டு வியத்தலினும், எது மண்ணை வளர்க்கிறது, எது நம்பிக்கையளவில் நிற்கிறது என்று பகுத்தறிதலே கற்றார்க்கு அழகு. ஆறு ஆண்டுகளின் வருவாயை இழந்தும் நிலத்தைப் புதுப்பித்த அத்தோட்டத்தார், ஒரு போகத்தின் மிகுவிளைவுக்காக மண்ணின் வளத்தை அழிக்கும் நமக்குக் கற்பிக்கத்தக்கது பெரிதுண்டு.