ஜெராக்ஸ் கடையும் எங்கள் வீட்டு ரவுட்டரும்



எங்க அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். தினமும் இரவு எட்டு மணிக்கு வீடியோ காலில் வருவார். அதே நேரத்தில்தான் போட்டோ ஸ்டுடியோவில் வேலை செய்யும் என் அண்ணன் வீட்டுக்கு வந்து, கல்யாணப் படங்களை இன்டர்நெட்டில் ஏற்றுவான். உடனே அப்பாவின் முகம் அப்படியே நின்றுவிடும். குரல் விட்டு விட்டு வரும். "உங்கப்பா பேசுறதுல பாதி காத்தோட போயிடுது" என்று அம்மா வருத்தப்படுவார். அண்ணனோ, "காலையில ஆல்பத்துக்குப் படம் போய்ச் சேரணும், நான் என்னம்மா பண்றது?" என்பான்.

இன்டர்நெட் கொடுப்பவரிடம் சண்டை போட்டோம். அவர் வந்து வேகத்தைச் சோதித்துக் காட்டினார். சரியாகத்தான் இருந்தது. "வேணும்னா பெரிய பிளானுக்கு மாறிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாதாமாதம் கூடுதல் பணம். அம்மா யோசித்தார். "ஒரு வாரம் டைம் குடுங்கம்மா, காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டு அப்புறம் பணம் கட்டலாம்" என்றேன். அந்த ஒரு வாரத்தில் நான் படித்ததும் செய்து பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

வேகமா, காத்திருப்பா?

பரீட்சை சமயத்தில் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருப்பீர்கள். உங்கள் கையில் ஒரே ஒரு பக்கம். உங்களுக்கு முன்னால் ஒருவர் 300 பக்கப் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார். மெஷின் வேகமாகத்தான் ஓடுகிறது. ஆனாலும் உங்கள் ஒரு பக்கத்துக்கு அந்த 300 பக்கமும் முடிய வேண்டும். குறை மெஷினில் இல்லை, வரிசையில்.

இன்டர்நெட்டிலும் இதே கதைதான். நாம் அனுப்புவது எல்லாம் பாக்கெட் எனப்படும் சிறு சிறு பொட்டலங்களாகப் போகிறது. லைனில் இடம் இல்லாதபோது அவை பஃபர் என்ற நினைவகத்தில் வரிசையில் நிற்கின்றன. அண்ணனின் படங்கள்தான் 300 பக்கப் புத்தகம். அப்பாவுடன் பேசும் எங்கள் குரல்தான் அந்த ஒற்றைப் பக்கம்.

ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். பஃபரில் 1 மெகாபைட் நிற்கிறது. அதாவது 80 லட்சம் பிட்டுகள். லைனின் வேகம் நொடிக்கு 10 மெகாபிட், அதாவது 1 கோடி பிட்டுகள். அந்த வரிசை தீர 0.8 நொடி ஆகும். கேட்டால் கொஞ்சம்தான். ஆனால் பேச்சில் ஒவ்வொரு பதிலும் முக்கால் நொடிக்கு மேல் தாமதமாக வந்தால் பேசவே முடியாது.

இந்த நோய்க்கு ஒரு பெயர் உண்டு

இதை முதலில் கண்டவன் நான் இல்லை. 1985-லேயே ஜான் நேகிள் என்ற பொறியாளர், பஃபரைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் நெரிசல் தீராது, ஒவ்வொருவருக்கும் முறை வைத்து அனுப்புவதே நியாயம் என்று எழுதினார். 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே இருந்த இணைப்பு, நெரிசலால் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து வெறும் 40 பிட்டாக விழுந்தது. இரண்டுக்கும் இடையே தூரம் சுமார் 400 கெஜம்தான்! கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் சீக்கிரம் சேர்ந்திருக்கும். அதை ஆராய்ந்த வான் ஜேகப்சன் 1988-ல் ஒரு வழி சொன்னார். பாக்கெட் தொலைந்தால் நெரிசல் என்று புரிந்துகொண்டு, அனுப்பும் கணினி தானாக வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதே அது.

பின்னாளில் நினைவகம் மலிவானது. கம்பெனிகள் பஃபரைப் பெரிது பெரிதாக வைத்தன. பாக்கெட் தொலையவே இல்லை, வரிசையில் நின்றுகொண்டே இருந்தது. அதனால் அனுப்பும் கணினிக்கு நெரிசலே தெரியவில்லை. 2010-ல் ஜிம் கெட்டிஸ் என்பவர் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போது தாமதம் ஒரு நொடிக்கும் மேல் போவதைக் கண்டு துருவிப் பார்த்தார். இந்த நோய்க்கு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வந்தது. தமிழில் 'பஃபர் வீக்கம்' எனலாம்.

மருந்து

2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேகப்சனும் 'கோடெல்' என்ற முறையை வெளியிட்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்க்காது. ஒரு பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கும். காத்திருப்பு 100 மில்லிநொடியாக 5 மில்லிநொடிக்குக் குறையவே இல்லை என்றால், ஒரு பாக்கெட்டைக் கைவிடும். அனுப்புபவருக்கு அதுவே எச்சரிக்கை. அதே ஆண்டு எரிக் டுமாசே இதனுடன் முறை வைத்து அனுப்புவதையும் சேர்த்து லினக்ஸில் கொடுத்தார். ஜெராக்ஸ்காரர் புத்தகத்தில் சில பக்கம் எடுத்துவிட்டு, "தம்பி, உன் ஒரு பக்கத்தைக் குடு" என்று கேட்பது போல!

இதையெல்லாம் ஆய்வுக்கூடத்தில் மட்டும் சோதிக்கவில்லை. டேவ் டாட் என்பவர் முன்னின்று நடத்திய 'செரோ டபிள்யூஆர்டி' என்ற சோதனை ஃபர்ம்வேரைத் தன்னார்வலர்கள் தங்கள் வீட்டு ரவுட்டரில் போட்டு, கோளாறுகளைக் கண்டு சொன்னார்கள். (ஃபர்ம்வேர் என்பது ரவுட்டருக்குள்ளேயே குடியிருக்கும் மென்பொருள்.) அந்த வழியில் வந்த 'கேக்' என்ற முறை 2018-ல் லினக்ஸில் சேர்ந்தது. பெயர்தான் கேக், சாப்பிட முடியாது! டேவ் டாட் 2025 ஏப்ரலில் காலமானார்.

நான் செய்த சோதனை

நம் கணினி சாரிடம் சொன்னேன். அவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, வீட்டில் ஓடும் ரவுட்டரில் கை வைக்காதே, ஃபர்ம்வேர் மாற்றும்போது கரண்ட் போனால் அதோடு அதன் கதை முடிந்தது. இரண்டு, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய், ஒவ்வொன்றையும் மூன்று முறை அளந்து எழுது.

அண்ணனின் ஸ்டுடியோவில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரில் 'ஓபன் டபிள்யூஆர்டி' ஃபர்ம்வேரைப் போட்டு, கேக்கை இயக்கினேன். தாமதத்தை 'பிங்' கட்டளையால் அளந்தேன். முதல் நாள் எண்கள் தாறுமாறாக வந்தன. வைஃபையில் அளந்ததுதான் தவறு. மறுநாள் லேன் கேபிள் போட்டேன். மூன்று முறையில் நடுவில் வந்த எண்கள் இவை:

1. யாரும் எதுவும் ஏற்றாதபோது: 22 மில்லிநொடி
2. படம் ஏறும்போது, கேக் இல்லாமல்: 640 மில்லிநொடி
3. கேக் உண்டு, வேக வரம்பு 10 மெகாபிட்: 610 மில்லிநொடி
4. கேக் உண்டு, வேக வரம்பு 8 மெகாபிட்: 31 மில்லிநொடி

மூன்றாவது எண்ணைப் பார்த்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு படித்தும் வீணா? பிறகுதான் புரிந்தது. பில்லில் இருப்பது 10, அளந்தால் வருவது 9.2. நான் 10 என்று வைத்ததால் வரிசை வழக்கம்போல நம் கைக்கு எட்டாத மோடத்திலேயே நின்றது. வரம்பை 9.2-க்குக் கீழே இறக்கியதும் வரிசை என் ரவுட்டருக்கு வந்தது. நம் வாசலில் நிற்கும் வரிசையைத்தானே நாம் ஒழுங்குபடுத்த முடியும்!

இதற்கு விலையும் உண்டு. 500 மெகாபைட் படங்கள் முன்பு ஏழே கால் நிமிடத்தில் ஏறின. இப்போது கிட்டத்தட்ட ஒன்பது நிமிடம் ஆகிறது. இதை அண்ணனிடம் மறைக்காமல் சொன்னேன். வாட்ச்சைப் பார்த்தான். "ஒன்றரை நிமிஷம்தானே, விடு" என்றான்.

அன்று இரவு அண்ணன் படம் ஏற்றிக்கொண்டே இருந்தான். அப்பா முழுதாக இருபது நிமிடம் பேசினார். அம்மா இடையில் ஒரு முறைகூட "கேக்குதா?" என்று கேட்கவில்லை. பெரிய பிளானுக்கு நாங்கள் மாறவில்லை. மறுநாள் நானும் அம்மாவும் இன்டர்நெட் கொடுப்பவருக்குப் போன் செய்து, சண்டை போட்டதற்கு மன்னிப்புக் கேட்டோம்.

நண்பர்களே, எல்லா வீட்டிலும் காரணம் இதுவாகவே இருக்காது. லைனில் கோளாறு இருக்கலாம், வைஃபை எட்டாமல் இருக்கலாம், பிளானே போதாமல் இருக்கலாம். எனவே முதலில் அளந்து பாருங்கள். யாரும் பயன்படுத்தாதபோது ஒரு முறை, ஏதாவது ஏறும்போது ஒரு முறை. இரண்டு எண்ணுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வரிசைதான் காரணம். அளக்காமல் யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள்!

மூளைக்கு வேலை: பஃபரில் 2 மெகாபைட் நிற்கிறது. லைனின் வேகம் நொடிக்கு 8 மெகாபிட். கடைசியாக வந்த பாக்கெட் எத்தனை நொடி காத்திருக்கும்? விடையை மதியச் சாப்பாட்டு இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள்.

– 11-ஆம் வகுப்பு 'அ' பிரிவு மாணவன்