அயல்நாட்டு வாணிப மத்தியஸ்தம்: நைஜீரியா வழக்கு தரும் பாடம்

கூட்டுறவுச் சங்கத்துக்கும் அதன் அங்கத்தினருக்கும் தகராறு நேரிட்டால் அது சட்டப்படி பதிவாளரிடம் செல்லும் என்பதை நம் அங்கத்தினர்கள் அறிவார்கள். அந்த மத்தியஸ்தம் சட்டத்தின் கட்டளையால் வருவது. இரு தேசத்தாரிடையே நிகழும் வாணிப மத்தியஸ்தமோ, பெரும்பாலும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட ஒரு ஷரத்தினால் உயிர் பெறுவது. உலகச் சந்தையில் விலைபோகும் பருத்தியில் பெரும்பகுதி, லிவர்ப்பூல் நகரத்துச் சர்வதேசப் பருத்திச் சங்கத்தின் விதிகளின்படி விற்கப்படுகிறது. அவ்விதிகளை ஏற்றுக் கையெழுத்திட்டவர், தகராறு வந்தால் தம் ஊர்க் கோர்ட்டை நாட இயலாது. அச்சங்கத்தின் விதிப்படி அமையும் மத்தியஸ்தர்கள் முன்புதான் நிற்கவேண்டும். ஆகவே இப்பொருள் பருத்தி விளைவிப்போருக்கும் நெய்வோருக்கும் அந்நியமானதன்று.

இத்தகைய மத்தியஸ்தத்தின் பலம் யாது? 1958-ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையை ஏற்ற 170-க்கும் மேற்பட்ட நாடுகளில், மத்தியஸ்தர் அளித்த தீர்ப்பை அந்தந்த நாட்டுக் கோர்ட்டின் மூலம் நிறைவேற்றிக்கொள்ளலாம். மத்தியஸ்தர் கணக்கில் பிழை செய்தார், சாட்சியத்தைத் தவறாக எடை போட்டார் என்பன போன்ற காரணங்களுக்காகக் கோர்ட்டுகள் பொதுவாகத் தீர்ப்பைத் தொடுவதில்லை. வியாபாரத்துக்கு இந்த முடிவுத்தன்மை நல்லதுதான். ஆனால் மத்தியஸ்தர் முன் வைக்கப்பட்டதே பொய்யாயின்? இக்கேள்விக்கு அண்மைக்காலத்தில் பெரும் சோதனையாக வந்தது நைஜீரியா நாட்டின் வழக்கு.

2010-ஆம் ஆண்டு ஜனவரியில் நைஜீரியப் பெட்ரோலிய அமைச்சகம், பிரிட்டிஷ் விர்ஜின் தீவுகளில் பதிவான பி. அண்ட் ஐ. டி. என்னும் கம்பெனியுடன் இருபதாண்டு ஒப்பந்தம் ஒன்று செய்தது. அரசாங்கம் இயற்கை வாயுவைக் குழாய் வழியே விலையின்றி வழங்கும். கம்பெனி ஆலை கட்டி அதைச் சுத்திகரித்து, மின்சார உற்பத்திக்கு ஏற்ற வாயுவைத் திருப்பித் தந்துவிட்டு, மதிப்புமிக்க மற்றப் பொருள்களைத் தான் விற்றுக்கொள்ளும். வாயுவும் வரவில்லை, ஆலையும் எழவில்லை. 2012-இல் கம்பெனி லண்டன் மத்தியஸ்தத்தை நாடியது. மத்தியஸ்தர்களோ சாமானியர் அல்லர்: இங்கிலாந்தின் முன்னாள் நீதிபதிகள் இருவர், நைஜீரியாவின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் ஒருவர்.

2015-இல் ஒப்பந்தத்தை மீறியது அரசாங்கமே என்று முடிவாயிற்று. 2017 ஜனவரியில், மூவரில் இருவரின் பெரும்பான்மையால், 660 கோடி டாலர் நஷ்டஈடும் அதன்மேல் நூற்றுக்கு ஏழு வட்டியும் விதிக்கப்பட்டன. வட்டி மட்டுமே நாளொன்றுக்குப் பத்து இலட்சம் டாலருக்கு மேல் ஏறியது. 2023-இல் மொத்தக் கடன் 1,100 கோடி டாலரை எட்டியது. அது அந்நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் சேரவேண்டிய பொதுப்பணம், ஒரு செங்கல்கூட வைக்கப்படாத ஆலைக்காகப் போகும் நிலை வந்தது.

இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டப்படி தீர்ப்பை எதிர்க்க 28 நாட்களே அவகாசம். நைஜீரியா ஏறத்தாழ மூன்றாண்டு தாமதித்தே வந்தது. எனினும், மோசடி நடந்ததற்கான வலுவான அறிகுறிகள் உண்டெனக் கண்டு 2020 செப்டம்பரில் கோர்ட்டு காலநீட்டிப்பு அளித்தது. அமெரிக்கச் சட்டத்தின் துணையோடு அந்நாட்டு பாங்குகளிலிருந்து பெற்ற கணக்குகள் இதற்குப் பேருதவி புரிந்தன.

2023 அக்டோபர் 23-இல் நீதிபதி ராபின் நோல்ஸ் தீர்ப்பளித்தார். கம்பெனி செய்த மூன்றை அவர் எடுத்துரைத்தார். ஒப்பந்த காலத்தில் அமைச்சகத்தின் சட்ட அதிகாரிக்கு அளித்த இலஞ்சத்தை மறைத்துப் பொய் வாக்குமூலம் தந்தது ஒன்று. அது வெளிவராதிருக்க மத்தியஸ்த காலத்திலும் அவ்வதிகாரிக்குப் பணம் கொடுத்துவந்தது மற்றொன்று. மூன்றாவது, நைஜீரியா தன் வக்கீல்களுடன் நடத்திய அந்தரங்கக் கடிதப் போக்குவரத்தைக் கைப்பற்றி வைத்துக்கொண்டு, எதிரியின் ஆலோசனைகளை அவ்வப்போது அறிந்துவந்தது. சதுரங்கம் ஆடுகையில் எதிராளியின் மனத்தையே படித்துக்கொண்டிருந்தது போலாம் இது. மோசடியால் பெறப்பட்டது, பொதுக் கொள்கைக்கு விரோதமானது என்று கண்ட நீதிபதி, பின்னர் அத்தீர்ப்புகளை ரத்து செய்தார். மேல்முறையீட்டுக்கும் அனுமதி மறுத்தார்.

மத்தியஸ்தர்கள் மீது அவர் குற்றம் சாட்டவில்லை. எனினும் ஒரு தரப்பு திறமையோடும் மற்றது தளர்ச்சியோடும் வழக்காடுகையில் மத்தியஸ்தர்கள் இன்னும் முனைந்து கேள்வி எழுப்பியிருக்கலாகாதா என்ற ஐயத்தை வெளிப்படையாகவே எழுப்பினார். கம்பெனியின் முக்கிய சாட்சி 2015 விசாரணைக்கு முன்பே காலமாகிவிட, அவரது எழுத்து வாக்குமூலம் குறுக்கு விசாரணையின்றி நின்றது. அரசாங்கத்தின் தரப்பிலோ நடந்ததை நேரில் அறிந்தவர் எவரும் சாட்சி சொல்லவில்லை. அறை மூடியிருந்தது, பொதுமக்களோ பத்திரிகைகளோ உள்ளே இல்லை. பொதுப்பணம் சம்பந்தப்பட்ட வழக்குக்கு இந்த இரகசியம் பொருந்துமா என்ற விவாதம் இன்றும் சட்ட வல்லுநரிடையே நடக்கிறது. பொருந்தாது என்பதே எம் கருத்து.

இங்கிலாந்து தன் சட்டத்தைத் திருத்தி இயற்றிய 2025-ஆம் ஆண்டு மத்தியஸ்தச் சட்டம், அவ்வாண்டு ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்தது. மத்தியஸ்தர் தம் நடுநிலையில் ஐயம் எழுப்பக்கூடிய தொடர்புகளைத் தெரிவிக்கும் கடமையை அது எழுத்திலாக்கியது. மத்தியஸ்த ஷரத்துக்கு எந்நாட்டுச் சட்டம் பொருந்தும் என்ற நீண்டகாலக் குழப்பத்துக்கும், தனியே வேறு சொல்லப்படாத இடத்தில் மத்தியஸ்தம் நடக்கும் நாட்டின் சட்டமே என விடை தந்தது. இரகசியம் பற்றிய விதியை மட்டும் அச்சட்டத்தில் சேர்க்கவில்லை.