பூனைக்கும் வேண்டும் அமைதி

பூனையை வைத்து நம் மக்கள் வழங்கும் பழமொழிகள் பல. முடிவெடுக்க இயலாமல் தயங்குபவரை ‘மதில்மேல் பூனை’ என்கிறோம். தாம் செய்வது பிறருக்குத் தெரியாது என்று எண்ணுபவரை, கண்ணை மூடிக்கொண்டு பால் குடிக்கும் பூனைக்கு ஒப்பிடுகிறோம். இத்தனை நாள் நம்மோடு பழகிய இப்பிராணிக்கு நம் வீட்டில் என்ன தேவை என்று எண்ணிப் பார்த்தவர் நம்முள் எத்தனை பேர்? மீன் தலையும் சோறும் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். உணவைப் போலவே அமைதியும் பூனைக்கு இன்றியமையாதது. அமைதி குலைந்த வீட்டில் பூனை நோயுறும். சில வேளைகளில் உயிரையும் இழக்கும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பூனையின் இயல்பு

வீட்டுப் பூனையின் மூதாதை, மேற்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் வாழும் ஒருவகைக் காட்டுப் பூனை. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் அருகே பூனையும் அடக்கம் செய்யப்பட்டிருந்ததை அறிஞர்கள் 2004-இல் வெளியிட்டார்கள். இவ்வளவு நீண்ட உறவு இருந்தும், பூனை தன் பழைய இயல்பை முற்றிலும் விட்டுவிடவில்லை. நாயைப் போலக் கூட்டமாக வேட்டையாடும் குலத்தில் அது பிறக்கவில்லை. தனியே வேட்டையாடும், தன்னிலும் பெரிய விலங்குக்கு இரையாகவும் கூடும். துணைக்கு வர யாரும் இல்லாதபோது பதுங்குவதொன்றே அதற்குப் பாதுகாப்பு. ஆகவே நம் வீட்டுப் பூனை கட்டிலுக்கடியில் ஓடி ஒளிவதைக் கண்டு நாம் நகைக்கலாகாது. உயிர் காக்கும் வழியென அது அறிந்தது அதுவே.

இங்கிலாந்தில் 13-ஆம் நூற்றாண்டில், தனியறையில் தவவாழ்வு நடத்திய பெண்களுக்கென ஓர் ஒழுங்கு நூல் எழுதப்பட்டது. பூனை ஒன்றைத் தவிர வேறு விலங்கை அவர்கள் வளர்க்கலாகாது என்பது அதில் ஒரு விதி. மாடு வைத்திருந்தால் தீவனக் கவலையும் ஊராருடன் வழக்கும் வந்து சேரும் என்பது அந்நூல் காட்டும் காரணம். அமைதியான அறைக்கு ஏற்ற துணையாக அன்று அனுமதி பெற்ற பூனை, இன்று நம் வீடுகளில் மிக்ஸி, கிரைண்டர், தொலைக்காட்சி ஆகியவற்றின் இரைச்சலுக்கிடையே வாழ வேண்டியிருக்கிறது.

கூரிய செவி

நொடிக்கு 20 முதல் 20,000 வரை அதிர்வுகள் கொண்ட ஓசைகளை மனிதச் செவி உணரும். பூனையின் செவியோ ஏறத்தாழ 85,000 அதிர்வுகள் வரை உணரவல்லது. வளைக்குள் இருக்கும் எலிக்குஞ்சின் மெல்லிய கீச்சொலியைப் பிடிப்பதற்காக அமைந்த செவி அது. இரு காதுகளையும் தனித்தனியே வெவ்வேறு திசைகளில் திருப்பவும் பூனையால் முடியும். நமக்குச் சாதாரணமாகத் தோன்றும் ஓசை அதற்குப் பேரிரைச்சலாக இருக்கலாம். சில மின்கருவிகள் எழுப்பும், நமக்குக் கேளாத ஓசையும் அதன் காதில் விழும்.

அப்படியானால் வீட்டில் யாரும் பேசவே கூடாதா? அப்படியன்று. அமைதி என்பது ஓசையே இல்லாமை அன்று. நாள்தோறும் குறித்த நேரத்தில் எழும் குக்கர் விசிலுக்கும் பள்ளி வேனின் ஒலிக்கும் பூனை பழகிவிடுகிறது. திடீரென எழும் ஓசையும், அதிலிருந்து தப்ப வழியில்லாமையுமே அதனை வாட்டுகின்றன. இந்த வேறுபாட்டை உணர்ந்துகொண்டால், பின்வருவன எல்லாம் எளிதில் விளங்கும்.

அச்சம் நோயாகும் விதம்

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோனி பஃபிங்டன் என்னும் கால்நடை மருத்துவ அறிஞரும் அவர் குழுவினரும் 32 பூனைகளை 77 வாரங்கள் கவனித்து, 2011-இல் தம் முடிவை வெளியிட்டார்கள். அவற்றுள் 12 பூனைகள் நலமானவை. 20 பூனைகள் சிறுநீர்ப்பை அழற்சி உடையவை. உணவு வேளை தவறுதல், பழகிய பராமரிப்பாளர் வராமை போன்ற மாற்றங்கள் நேர்ந்த வாரங்களில், இருவகைப் பூனைகளிடமும் நோய்க்குறிகள் மிகுந்தன. அவை வாந்தி எடுத்தன, உணவைக் குறைத்துக்கொண்டன, உரிய இடத்தை விட்டு வேறிடத்தில் சிறுநீர் கழித்தன. நலமாயிருந்த பூனைகளும் இதற்கு விலக்கல்ல என்பது குறிப்பிடத்தக்கது.

இதனை நம் வீட்டோடு பொருத்திப் பார்ப்போம். விருந்தினர் நிறைந்த திருமண வீட்டிலோ, புதிதாகக் குடிபோன வீட்டிலோ பூனை தலையணையில் சிறுநீர் கழித்துவிடுகிறது. “திமிர் பிடித்த பூனை!” என்று நாம் துடைப்பத்தை எடுக்கிறோம். அடிபட்ட பூனை மேலும் அஞ்சுகிறது. அச்சத்தால் நோய் மிகுகிறது. மீண்டும் அதே செயல் நடக்கிறது. முடிவில் அதனைக் கோணிப்பையில் கட்டி, தொலைவிலுள்ள சந்தையிலோ ஆற்றங்கரையிலோ விட்டு வருகிறார்கள். நோயாளிக்குக் குற்றவாளியின் தண்டனை கிடைத்துவிடுகிறது!

கடுவன் பூனையைப் பொறுத்தவரை மேலும் ஓர் ஆபத்து உண்டு. அதன் சிறுநீர்க் குழாய் மிகக் குறுகியது. அது அடைபட்டுச் சிறுநீர் வெளியேறாது போனால், ஓரிரு நாள்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரும். அடிக்கடி குந்தி முக்குதல், துளித்துளியாகச் சிறுநீர் கழித்தல், சிறுநீரில் இரத்தம், வேதனைக் குரல் ஆகிய குறிகளைக் கண்டால் மறுநாள் வரை காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

ஒதுங்க ஓர் இடம்

நெதர்லாந்து நாட்டில் விலங்குக் காப்பகம் ஒன்றுக்குப் புதிதாக வந்த 19 பூனைகளை ஆராய்ந்து, 2014-இல் ஓர் அறிக்கை வெளியிடப்பட்டது. அவற்றுள் 10 பூனைகளுக்கு ஒளிந்துகொள்ளப் பெட்டி தரப்பட்டது. 9 பூனைகளுக்குத் தரப்படவில்லை. மூன்றாம் நான்காம் நாள்களிலேயே, பெட்டி பெற்ற பூனைகள் மற்றவற்றைவிட அமைதியுற்றுக் காணப்பட்டன.

பெட்டிக்குப் பெருஞ்செலவு ஒன்றுமில்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் அட்டைப்பெட்டியில் பூனை நுழையுமளவு துளையிட்டு, பழைய சேலைத் துணியை விரித்தால் போதும். பரணின் ஓரம், அலமாரியின் மேல்தட்டு போன்ற உயரமான இடங்களையும் பூனை விரும்பும். அது அங்கே இருக்கும்போது யாரும் பிடித்து இழுக்கக் கூடாது. இதனைத் தம்பி தங்கையர்க்கு நாம் அன்போடு சொல்லிக் கொடுக்க வேண்டும்.

உணவுத் தட்டு, தண்ணீர்க் கிண்ணம், மணல் தொட்டி மூன்றையும் ஒரே மூலையில் வைப்பது தவறு. பூனை தான் கழிக்கும் இடத்தருகே உண்ண விரும்பாது. ஒன்றுக்கு மேற்பட்ட பூனைகள் இருப்பின் ஒவ்வொன்றுக்கும் தனித் தட்டு வேண்டும். மணல் தொட்டிகளோ பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருத்தல் நலம்.

மணமும் ஒரு மொழி

பூனை தன் கன்னத்தைக் கதவிலும் நாற்காலிக் காலிலும் தேய்ப்பதைப் பார்த்திருக்கிறோம். அவ்விடங்களில் அது தன் மணத்தைப் பதிக்கிறது. அம்மணம் இருக்கும்வரை ‘இது என் வீடு’ என்னும் துணிவு அதற்கு உண்டு. பண்டிகைக்காக வெள்ளையடித்துச் சாமான்களை எல்லாம் கழுவி இடம் மாற்றும்போது அந்த மணம் ஒரே நாளில் மறைந்துவிடுகிறது. அத்தகைய நாள்களில் பூனை படுக்கும் துணியை மட்டுமாவது கழுவாமல் விட்டுவைப்பது நன்று.

தரையைப் பினாயில் கொண்டு துடைக்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. ஈரத் தரையில் நடக்கும் பூனை பின்னர்த் தன் பாதங்களை நக்கித் தூய்மை செய்துகொள்ளும். பீனால் வகைப் பொருள்களைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஆகவே அவை அதற்கு நஞ்சாகும். நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாரசிட்டமால் மாத்திரை பூனைக்கு உயிர்க்கொல்லியாவதும் ஈரலின் இத்தகைய குறைபாட்டினாலேயே. அஞ்சி நடுங்கும் பூனைக்கு நம் வீட்டு மருந்துப் பெட்டியிலிருந்து எதனையும் கொடுக்கக் கூடாது.

அணுகும் முறை

பூனைக்குட்டி பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மனிதரிடம் பழகக் கற்கும் பருவம். அப்பருவத்தில் மென்மையான கைகளை அறிந்த குட்டி, வளர்ந்தபின் எளிதில் அஞ்சாது. எட்டு வாரம் நிறையும் முன் தாயிடமிருந்து அதனைப் பிரிக்கலாகாது.

வளர்ந்த பூனையைக் கண்கொட்டாமல் உற்றுப் பார்த்தால் அது மிரளும். கண்களைப் பாதி மூடி மெல்ல இமைத்துக் காட்டினால், அறிமுகமில்லாதவரிடமும் பூனை நெருங்கி வர முற்படுகிறது என்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020-இல் கண்டறிந்தார்கள். துரத்திப் பிடித்துக் கொஞ்சுவதைவிட, கையை நீட்டிவிட்டுக் காத்திருப்பதே சிறந்தது. வருவதும் போவதும் பூனையின் விருப்பமாக இருக்கட்டும்.

வெடியோசை நாள்களில்

தீபாவளியும் புத்தாண்டு இரவும் பூனைக்குக் கொடிய வேளைகள். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபெலுக்கு மேல் ஓசை எழுப்பும் வெடிகளை நடுவண் அரசு 1999-இல் விதி வகுத்துத் தடை செய்தது. அந்த அளவு ஓசையே மனிதச் செவிக்கு வலி தரத்தக்கது. பூனைக்கு எப்படியிருக்கும்?

அன்று பொழுது சாயுமுன் பூனைக்கு உணவு கொடுத்து வீட்டுக்குள் அழைத்துக்கொள்வோம். தெருவை ஒட்டாத உள்ளறையில் அதன் பெட்டி, தண்ணீர், மணல் தொட்டி ஆகியவற்றை வைத்து, சன்னல்களைச் சாத்துவோம். மின்விசிறியையோ வானொலியையோ ஒரே சீராக ஓடவிட்டால் வெளியோசை சற்று மங்கும். ஒளிந்துள்ள பூனையை இழுக்காமல், அது தானே வெளிவரும் வரை பொறுத்திருப்போம்.

நாமே கண்டறிவோம்

அன்புத் தோழியரே! வீட்டில் பூனை இருப்பின், ஒரு வாரம் ஒரு குறிப்பேட்டில் பின்வருவனவற்றை எழுதி வாருங்கள். பூனை எங்கே உறங்குகிறது? எந்த ஓசை கேட்டதும் ஓடுகிறது? எவ்வளவு நேரம் கழித்துத் திரும்புகிறது? எப்போது உண்ண மறுக்கிறது? வார முடிவில் அக்குறிப்பைப் பெற்றோருடன் அமர்ந்து படித்துப் பாருங்கள். நம் வீடு எப்போது அமைதியாக இருக்கிறது, எப்போது இரைகிறது என்பதும் அதில் தெரியவரும்.

தொலைக்காட்சியின் ஒலி சற்றுக் குறைந்தால் பூனை மட்டுமா பயன் பெறும்? உடல்நலமில்லாத பாட்டி கண்ணயர்வார். தேர்வுக்குப் படிக்கும் அக்காவின் மனம் ஒருமுகப்படும். கதவை அறைந்து சாத்தாமை, வேளை தவறாமை, சினத்தில் கை ஓங்காமை ஆகிய இம்மூன்றையும் நாம் பழகிக்கொள்வோம். தன் நோயை எடுத்துச் சொல்ல வாயில்லாத ஓர் உயிர் நம் வீட்டில் அச்சமின்றி உறங்க, இவை மூன்றும் பெரிதும் உதவும்.