50 மி.மீ. லென்ஸ் வாங்கலாமா?

டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமரா வாங்கும்போது பெரும்பாலும் 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் ஒன்றும் சேர்த்தே தரப்படுகிறது. சில மாதங்கள் கழித்துத்தான், வீட்டிற்குள் ப்ளாஷ் இல்லாமல் எடுத்த படங்கள் எல்லாம் கலங்கலாக இருப்பதைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்துத் தெரிந்து கொள்கிறோம். விவரம் தெரிந்தவர்களைக் கேட்டால், "50 மி.மீ. எஃப்/1.8 வாங்குங்கள், விலையும் குறைவு" என்பார்கள். நல்ல யோசனைதான். ஆனால் உங்கள் கேமராவில் அது எப்படி வேலை செய்யும் என்று தெரிந்து கொண்டு வாங்குங்கள்.

ஜூம் செய்ய முடியாத, ஒரே ஃபோகல் லெங்த் கொண்ட லென்ஸ்தான் பிரைம் லென்ஸ். ஃபிலிம் காலத்தில் 50 மி.மீ. லென்ஸை ஸ்டாண்டர்ட் லென்ஸ் என்றார்கள். 36x24 மி.மீ. ஃபிலிமின் மூலைவிட்டம் சுமார் 43 மி.மீ. அதற்கு நெருக்கமான லென்ஸ் காட்சியை இயல்பாகக் காட்டும். 1925-ல் விற்பனைக்கு வந்த லைக்கா கேமராவிலேயே 50 மி.மீ. லென்ஸ்தான் இருந்தது.

இன்று பலரிடம் இருப்பது ஏ.பி.எஸ்.-சி எனப்படும் சிறிய சென்ஸார் உள்ள கேமரா. இதில் காட்சியின் ஓரங்கள் வெட்டப்படுவதால் 50 மி.மீ. லென்ஸ், நிக்கானில் 75 மி.மீ. போலவும் கேனானில் 80 மி.மீ. போலவும் செயல்படும். முகங்களை எடுக்க அருமையாக இருக்கும். ஆனால் எங்கள் வீட்டு ஹாலில் பிறந்தநாள் கேக் வெட்டும்போது, சுவரோடு சுவராக ஒட்டி நின்றும் குழந்தையையும் தாத்தா பாட்டியையும் ஒரே படத்தில் கொண்டுவர என்னால் முடியவில்லை. 10 அடி தள்ளி நின்றால் 50 மி.மீ.-ல் சுமார் நாலரை அடி அகலம்தான் படத்தில் வரும். 35 மி.மீ.-ல் சுமார் ஆறரை அடி வரும். இந்தக் கேமராக்களுக்கு 35 மி.மீ.-தான் ஸ்டாண்டர்ட் லென்ஸ்.

உங்களுக்கு எது தேவை என்பதை உங்கள் கம்ப்யூட்டரே சொல்லும். விண்டோஸில் படங்கள் உள்ள ஃபோல்டரைத் திறந்து, ஒரு படத்தின் மீது ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், பிறகு டீடெய்ல்ஸ் செல்லவும். அங்கே ஃபோகல் லெங்த் என்ற வரியைப் பாருங்கள். (35 மி.மீ. ஃபோகல் லெங்த் என்று இன்னொரு வரியும் இருக்கும். அது ஃபிலிம் கணக்கு. குழப்பிக் கொள்ள வேண்டாம்.) உங்களுக்குப் பிடித்த 30 படங்களை இப்படிப் பார்த்தால், 30-ஐ ஒட்டி அதிகம் எடுக்கிறீர்களா, 50-ஐ ஒட்டியா என்பது தெரிந்துவிடும். பிறகு ஜூம் வளையத்தை அந்த எண்ணில் வைத்து, செல்லோடேப் ஒட்டி ஒரு வாரம் படம் எடுத்துப் பாருங்கள். செலவே இல்லாத சோதனை இது.

வாங்கும் முன் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நிக்கான் டி3500 போன்ற சில கேமராக்களின் உள்ளே ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய ஏ.எஃப். 50 மி.மீ. எஃப்/1.8டி லென்ஸை இவற்றில் மாட்டினால் ஃபோகஸைக் கையால்தான் திருப்ப வேண்டும். ஏ.எஃப்.-எஸ் என்று குறிப்பிட்ட லென்ஸில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது. செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள்.

எஃப்/1.8-ல் என்ன லாபம்? ஜூம் லென்ஸ் 55 மி.மீ.-ல் எஃப்/5.6 வரைதான் திறக்கும். எஃப்/1.8 அதைவிட ஏறத்தாழ 10 மடங்கு ஒளியை உள்ளே விடும். 1/12 விநாடி தேவைப்பட்ட இடத்தில் 1/120 விநாடி போதும். டயலை நிக்கானில் ஏ, கேனானில் ஏவி என்ற இடத்தில் வைத்துத் துளையின் அளவை நீங்களே தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் எப்போதும் 1.8-லேயே வைத்து எடுக்காதீர்கள். 50 மி.மீ.-ல் 5 அடி தூரத்தில் தெளிவாக விழும் ஆழம் வெறும் 6 செ.மீ. அளவுதான். மூக்கில் ஃபோகஸ் ஆனால் காது மங்கிவிடும். ஒற்றை ஃபோகஸ் புள்ளியைத் தேர்ந்தெடுத்து, உங்களுக்கு அருகில் உள்ள கண்ணின் மேல் வையுங்கள். இருவர் என்றால் எஃப்/4, இரண்டு வரிசையில் குடும்பம் நின்றால் எஃப்/5.6 அல்லது 8. வெளிச்சம் போதவில்லை என்றால் ஐ.எஸ்.ஓ.-வைக் கூட்டிக் கொள்ளலாம்.