16 அங்குலத்துக்காக ஒரு வெல்டிங்

நம்பிக்கை: அமெரிக்காவில் துப்பாக்கிக்குச் சட்டமே கிடையாது. காசிருந்தால் எதையும் வாங்கலாம்.

உண்மை: சட்டம் இருக்கிறது, அதுவும் அங்குலக் கணக்கில். ரைஃபிளின் குழல் 16 அங்குலத்துக்குக் குறைந்தால், 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி அதைப் பதிவு செய்தாக வேண்டும். இயந்திரத் துப்பாக்கியும் சைலன்சரும் இருக்கும் அதே பட்டியலில்தான் அதுவும் வரும்.

இந்தக் கணக்கு வந்த கதை விசித்திரமானது. கேங்ஸ்டர்களை அடக்கப் போட்ட மசோதா முதலில் கைத்துப்பாக்கிகளையும் சேர்த்தே கட்டுப்படுத்தப் பார்த்தது. அப்படிச் செய்தால் ரைஃபிள் குழலை அறுத்துக் கோட்டுக்குள் ஒளித்துக்கொள்வார்கள் என்று குட்டைக் குழலுக்கும் விதி எழுதினார்கள். கடைசியில் எதிர்ப்புக்குப் பணிந்து கைத்துப்பாக்கியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்குத் துணையாக வந்த விதியை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. முதலில் 18 அங்குலமாக இருந்த வரம்பு, ரைஃபிளுக்கு மட்டும் 1960இல் 16 ஆனது. கைக்கு அடக்கமான பிஸ்டலைச் சும்மா விட்டுவிட்டு, அரை அங்குலம் குறைந்த ரைஃபிளுக்குச் சிறை என்பது எனக்கு இன்றுவரை விளங்காத நியாயம்.

நம்பிக்கை: அரை அங்குலத்துக்கெல்லாம் யார் வழக்குப் போடப் போகிறார்கள்?

உண்மை: பதிவில்லாமல் வைத்திருந்தால் 10 ஆண்டு வரை சிறை. ஐடஹோ மலைப்பகுதியில் வாழ்ந்த ராண்டி வீவர் மீது வந்த வழக்கே, வரம்புக்குக் கீழே குழல் அறுக்கப்பட்ட இரண்டு ஷாட்கன்களை விற்றார் என்பதுதான். அவர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. 1992 ஆகஸ்டில் ரூபி ரிட்ஜில் அவருடைய வீட்டைச் சுற்றி நடந்த முற்றுகையில் அவர் மனைவி, 14 வயது மகன், ஒரு மார்ஷல் அதிகாரி என மூன்று பேர் செத்தார்கள். அந்த ஷாட்கன் குற்றச்சாட்டிலிருந்து ஜூரி 1993இல் அவரை விடுவித்தது.

நம்பிக்கை: 14.5 அங்குலக் குழலின் முனையில் 1.75 அங்குலக் கருவியைப் பொருத்தினால் 16.25. கணக்கு சரி.

உண்மை: தவறு செய்பவர்கள் இங்கேதான் செய்கிறார்கள். அமெரிக்க ராணுவத்தின் எம்4 துப்பாக்கிக்குக் குழல் 14.5 அங்குலம். அதே தோற்றத்தை விரும்பும் பொதுமக்கள், குறைகிற ஒன்றரை அங்குலத்தை முனையில் பொருத்தும் கருவியால் ஈடுகட்டுகிறார்கள். குழலோடு நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால் அந்தக் கருவியும் குழல் நீளத்தில் சேரும் என்று சட்டம் ஒப்புக்கொள்கிறது. ஆனால் கருவி குழலின் மரைமேல் ஏறி உட்காரும்போது அதன் நீளத்தில் அரை அங்குலத்துக்கு மேல் குழலைப் போர்த்தப் போய்விடுகிறது. எங்கும் மலிவாகக் கிடைக்கும் ஏ2 வகை ஃபிளாஷ் ஹைடர் இந்தக் குழலில் 16ஐத் தொடாது. அதனால்தான் இதற்கென்றே நீளம் கூட்டிய கருவிகள் விற்கிறார்கள்.

வெளியே டேப் வைத்துப் பார்ப்பதும் அளவு ஆகாது. துப்பாக்கி காலி என்று உறுதி செய்து, போல்ட்டை மூடி, முனை வழியாக ஒரு மெல்லிய கோலை உள்ளே விட வேண்டும். அது போல்ட்டின் முகத்தில் முட்டியதும் முனை விளிம்பில் கோடு போட்டு, கோலை வெளியே எடுத்து அளக்க வேண்டும். ஏ.டி.எஃப். என்ற மத்தியத் துப்பாக்கிப் பணியகம் அளப்பதும் இப்படித்தான்.

நம்பிக்கை: நல்ல பசை போட்டு இறுக்கினால் அதுவும் நிரந்தரம்தான்.

உண்மை: இல்லை. சிவப்பு லாக்டைட் பசை சூடு பட்டால் விட்டுவிடும். சூட்டைத் தாங்கும் ராக்செட் பசை தண்ணீரில் ஊறினால் இளகும். ஏ.டி.எஃப். ஏற்பது மூன்று வழி: சுற்றிலும் முழு வெல்டிங், 1100 டிகிரி ஃபாரன்ஹீட் தாங்கும் வெள்ளிப் பற்றாசு, உலோக ஊசி (பின்) ஒன்றை அடித்து அதன் தலைமேல் வெல்டிங். பட்டறைகளில் பெரும்பாலும் மூன்றாவதுதான். வேலை முடிந்த குழலைப் பார்த்தால் கருவியின் பக்கவாட்டில் மிளகளவு ஒரு வெல்டிங் புள்ளி, அதன்மேல் கறுப்புச் சாயம், அவ்வளவுதான்.

நம்பிக்கை: வெல்டிங் வைத்துவிட்டால் பிறகு கழற்றவே முடியாது.

உண்மை: முடியும். மில்லிங் இயந்திரத்தில் அந்தப் புள்ளியைக் கடைந்தெடுத்தால் கருவி கழன்றுவிடும். பெரும்பாலும் கருவி பாழாகும், குழல் பிழைக்கும். குழல் ரைஃபிளில் இருக்கும்போதே கழற்றினால் அந்த நிமிடமே அது பதிவில்லாத குட்டை ரைஃபிள். வாங்குபவரைப் படுத்தும் சங்கடம் வேறு. குழல்மேல் மாட்டியிருக்கும் கேஸ் பிளாக்கைக் கழற்ற வேண்டுமென்றால் அது குழல்முனை வழியாகத்தான் வெளியே வர வேண்டும். முனையை வெல்டிங் அடைத்து நிற்கிறது. குழல்மேல் எது வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போக வேண்டும்.

நம்பிக்கை: நீளம் கூடியதால் குண்டின் வேகமும் கூடும்.

உண்மை: கூடாது. குண்டைப் பின்னாலிருந்து தள்ளும் வாயு அடைபட்டு நிற்பது குழலுக்குள் மட்டுமே. ஃபிளாஷ் ஹைடர் தீச்சுடரைக் குறைக்கும். மசில் பிரேக் பின்னுதைப்பைக் குறைக்கும், பக்கத்தில் நிற்பவர் காதைப் பிளக்கும். வேகத்தைப் பொறுத்தவரை அது இன்னமும் 14.5 அங்குலத் துப்பாக்கிதான்.

நம்பிக்கை: 2026இல் குட்டை ரைஃபிளுக்கான வரி போய்விட்டது, இனி இந்த வெல்டிங்குக்கே வேலையில்லை.

உண்மை: 1934 முதல் மாறாமல் இருந்த 200 டாலர் வரி, 2026 ஜனவரி 1 முதல் குட்டை ரைஃபிளுக்குப் பூஜ்யம் ஆனது மெய்தான். விண்ணப்பம், கைரேகை, புகைப்படம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பதிவு செய்த குட்டை ரைஃபிளை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக ஏ.டி.எஃப். அனுமதியை முன்னதாகவே வாங்க வேண்டும். சில மாநிலங்கள் அதை உள்ளேயே விடுவதில்லை. முனையில் வெல்டிங் வைத்து 16ஐத் தாண்டிய ரைஃபிளுக்கு மத்தியச் சட்டத்தில் இந்தப் பதிவும் இல்லை, பயண அனுமதியும் இல்லை.