உப்பும் நரம்பும்

சிறுபாணாற்றுப்படை குறிக்கும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பர் அறிஞர். அதன் அளங்களில் விளையும் உப்பின் ஒரு கூறாகிய சோடியம், நம் நரம்புகளிலும் தொழிற்படுகிறது. நரம்பிழைக்குள் சோடியம் புகுவதாலேயே செய்தி கடத்தப்படுகிறது. புகுந்ததை வெளியேற்ற ஆற்றல் வேண்டும்.

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நோயில், உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள மயலின் உறையைச் சிதைக்கிறது. பெரும்பாலும் 20 முதல் 40 வயதினரைத் தாக்கும் இந்நோயை, 1868-இல் பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ வரையறுத்தார். உறையிழந்த இழை, செய்தியைக் கடத்த மிகுந்த ஆற்றலைச் செலவிடுகிறது. ஆற்றல் குன்றியதும் சோடியம் உள்ளே தேங்குகிறது; பின்னர்க் கால்சியமும் புகுந்து இழை மடிகிறது.

1981-இல் லண்டன் ஆய்வாளர்கள் இந்நோயின் தழும்புகளை எம்.ஆர்.ஐ. படத்திற் கண்டனர். எனினும் வழக்கமான படம் உடல்நீரிலுள்ள ஹைட்ரஜனைக் கொண்டு எடுக்கப்படுவது. தழும்பைக் காட்டுமேயன்றி, இழைக்குள் நேரும் சோடியத் தேக்கத்தைக் காட்டாது. அக்குறையை நீக்க எழுந்ததே சோடியப் படமெடுப்பு. 2010-இல் வெளிவந்த ஆய்வொன்று, 3 டெஸ்லா வலிமையுள்ள காந்தக் கருவியின் துணையால், தழும்புகளில் மட்டுமன்றி, இயல்பாகத் தோன்றிய மூளைப் பகுதிகளிலும் சோடியம் மிகுந்திருப்பதைக் காட்டிற்று. சோடியத்தின் குறிப்பலை மிக மெலிதாதலின், இம்முறை இன்றும் ஆய்வு நிலையிலேயே உள்ளது.

இத்தேக்கம் உண்ணும் உப்பால் வருவதன்று. வெளியேற்றும் ஆற்றல் குறைவதால் வருவது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. ஒரு கண்ணின் பார்வை மங்குதல், கைகால் மரத்தல் முதலியன தோன்றின், களைப்பென்று கருதி வாளாவிருத்தல் ஆகாது. மரக்காணத்தார்க்குப் புதுவை ஜிப்மர் மருத்துவமனை அண்மையிலேயே உள்ளது. மடிந்த இழையை மீட்க இன்றைய மருந்துகளால் இயலாது. மேலும் சிதையாமல் தணிக்க இயலும். ஆதலின் காலந்தாழ்த்தாமையே முதல் மருந்து.