திருத்தத் தொடங்குமுன் பிளக் உங்கள் கையில் இருக்கட்டும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த மழை, பதுளை மாவட்டத்தில் பல குடும்பங்களை மண்சரிவுக்கும் வெள்ளத்துக்கும் பயந்து வெளியேற வைத்தது. இப்போது லுணுகலைப் பகுதிக்குத் திரும்பும் நீங்கள், நனைந்த கேத்தலையும் அயனையும் நீங்களே திருத்திப் பார்க்க நினைக்கலாம். புதிதாக வாங்கக் காசு வேண்டுமே! ஆனால் சாமானில் கை வைக்கும் முன் இந்தப் பாடத்தை வீட்டில் எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள்.

1. கரண்ட் எங்கிருந்து வருகிறது?

லயத்தில் சில காம்பராக்களுக்குப் பக்கத்துக் காம்பராவிலிருந்து வயர் இழுத்திருப்பார்கள். அப்படியானால் உங்கள் மெயின் சுவிச்சை அணைத்தாலும் அந்த வயரில் கரண்ட் இருக்கும். முதலில் பக்கத்து வீட்டாரிடம் கேளுங்கள். சுவர் ஈரமாக இருந்தால், வயரிங்கை எலெக்ட்ரீஷியன் பார்க்கும்வரை மெயின் சுவிச்சைப் போட வேண்டாம். தண்ணீரில் நின்றபடி அதைத் தொடவும் வேண்டாம்.

2. சுவிச்சை அணைத்தால் போதாதா?

போதாது. வயரிங் மாறியிருந்தால், சுவிச்சை அணைத்த பிறகும் சாமானுக்குள் கரண்ட் நிற்கும். பிளக்கைக் கழற்றி, உங்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். வெயிலில் வைத்தால் வெளிப்புறம் சீக்கிரம் காயும். உள்ளே புகுந்த சேறும் ஈரமும் அப்படியே இருக்கும். பழைய பெட்டி டீவியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கலாம்.

3. பியூஸ் காப்பாற்றாதா?

பியூஸ் வயரைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 60 வாட் குண்டு பல்ப் ஒன்று ஏறத்தாழ 260 மில்லி அம்பியர் எடுக்கும். அதில் பாதி உடலில் ஓடினாலே இதயம் நிற்கலாம். 5 அம்பியர் பியூஸ் அதற்கு எரியாது. வீடுகளில் பொருத்தும் ட்ரிப் சுவிச், 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்ற வேண்டும். ஆனால் இரண்டு வயரையும் ஒன்றாகப் பிடித்தவரை ட்ரிப் சுவிச்சும் காப்பாற்றாது. அதனால்தான் பிளக்கை முதலில் கழற்றச் சொல்கிறோம்.

4. யாருக்காவது கரண்ட் அடித்தால்?

அவரைத் தொடாதீர்கள். மெயின் சுவிச்சை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த பலகையில் நின்று, காய்ந்த தடியால் வயரைத் தள்ளுங்கள். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். அறுந்து விழுந்த லைன் கம்பிக்குக் கிட்டப் போகாமல், பிள்ளைகளையும் விடாமல், 1987இல் அறிவியுங்கள்.

வீட்டில் செய்து பாருங்கள்

உங்கள் மெயின் சுவிச் எங்கே? ட்ரிப் சுவிச் இருக்கிறதா? பெரியவர்கள் வேலைக்குப் போன நேரத்தில், வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு இவை தெரியுமா? இன்றே காட்டிக் கொடுங்கள்.